புழுதியோடு வரலாமா

சேலம், அரிசிபாளையம்
11 ஜூன் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

அப்பா எழுதுவது. நீ என் போனை எடுப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். போனில் நான் பேசத் தொடங்கினாலும் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு பெட்டி வரும். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொம்மை வண்டி இருக்கும். பின்பக்கம் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் குழாய் கீழே இறங்கும். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. பெயர் குடைச்சல்.

ஆமாம், அதே குடைச்சல்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாமக்கல்லில் தீனதயாளன் என்பவர் பொம்மை லாரிகள் செய்கிறார். அவருடைய தந்தை நிஜ லாரிகளுக்கு பாடி கட்டியவர். பொம்மைகள் எல்லாம் ஒன்பதாம்பட்டி என்ற கற்பனை ஊரைச் சேர்ந்தவை. முட்டை ஏற்றும் லாரி, பால்காரி என்ற பால் வண்டி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் டிராக்டர். பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்கும். அதில் அந்த வண்டியின் கதை இருக்கும். அந்தக் கதைகளை வாங்குபவர்களே எழுதி அனுப்பலாம். தேர்வானால் அட்டையில் அச்சாகும், அச்சானால் அது அந்த ஊரின் வரலாறாகிவிடும். "அட்டையில் வந்தால்தான் நடந்தது" என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். பெரியவர்களும் சொல்கிறார்கள்.

பேருந்து நிலையக் கடையில் ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத்தில் "ஒன்பதாம்பட்டிக்கு இன்னும் வராத வண்டி எது?" என்று கேட்டிருந்தது. வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன். நீயும் தம்பி மார்ட்டினும் கட்டிலுக்கு அடியில் ஓட்டிய வண்டி. அவன் சைக்கிள் பம்பை வெட்டிப் பொருத்திய வண்டி. அம்மா அவனைக் கூப்பிட்ட பெயரையே அதற்கு நீ வைத்தது. எல்லாவற்றையும் எழுதினேன். தேர்வாகும் என்று நினைக்கவில்லை.

உங்கள் இருவரையும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அப்பா


கோயம்புத்தூர்
19 ஜூன் 2024

அப்பா,

பெட்டி வருவதற்கு முன்பே நான் குடைச்சலைப் பார்த்துவிட்டேன். எங்கள் சிகிச்சை மையத்துக்கு வரும் ஒரு பெண் குழந்தைக்கு விரல் பயிற்சி கொடுக்க வேண்டும். அவள் பையிலிருந்து எடுத்து அந்தக் கைப்பிடியைச் சுற்றுகிறாள். "ஆன்ட்டி, இதுக்குத் தண்ணியே கிடைக்காது, பாவம்" என்கிறாள். நானும் வாங்கி ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். அவளுக்கு நான் பயிற்சி கொடுத்தேனா, அவள் எனக்குக் கொடுத்தாளா தெரியவில்லை.

அட்டையைப் படித்தேன். "தண்ணீர் காணாமல் குடைச்சல் ஊருக்குத் திரும்பாது. எடுத்த வேலையை முடிப்பதே அதன் ஒழுங்கு." இது எங்கள் விளையாட்டில் இல்லை அப்பா. இது நீங்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மார்ட்டின் வண்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தான். நீங்கள் பேப்பரைத் தாழ்த்தாமலே, "தண்ணி வராம வண்டி எப்படிடா ஊருக்கு வரும்?" என்றீர்கள். அவன் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான்.

அம்மாவை அடக்கம் செய்த அன்றும் அதையேதான் சொன்னீர்கள். "இனி இங்கேயே இருக்கேன், ரிக்குக்குப் போகல" என்றான். ஜெபம் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "எதையும் பாதியில விடறதே உனக்கு வழக்கம். எடுத்த வேலையை முடிச்சிட்டு வா" என்றீர்கள். மூன்று வருடமாக சத்தீஸ்கரில் போர்வெல் ரிக்கில் பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறான். ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

இப்போது ஆயிரம் பேர் எழுதுவார்கள். யாராவது ஒருவர் குடைச்சலுக்குத் தண்ணீர் வரவைத்து, மாலை போட்டு, ஊர்வலம் விட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். தண்ணீர் வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பது மார்ட்டின் சொன்னது. அது ஒன்றாவது எங்களுடையதாக இருக்கட்டும். அதற்குத் தண்ணீர் வரக் கூடாது. அந்தத் தீனதயாளனிடம் சொல்லுங்கள். உங்களால் முடிந்தால்.

ஜாக்குலின்


சேலம்
3 ஜூலை 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அடக்கத்தன்று சொன்னதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள்கள் வீணாயின. சொல்லத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன்.

நீ கேட்டது நடந்துவிட்டது. நான் கதை அனுப்பியபோதே, முன்பு வந்த அட்டைகளில் இருந்த முரண்பாடுகளையும் குறித்து அனுப்பியிருந்தேன். ஓர் அட்டையில் இடிந்த பாலத்தின் மேல் அடுத்த அட்டையில் முட்டை லாரி போகிறது. கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் அட்டவணை போட்ட கை, சும்மா இருக்காது. அதைப் பார்த்து தீனதயாளன் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க ஐயா, இத்தனை ஓட்டையா வெச்சுப்போட்டோம்? நீங்களே கூட இருந்து பாத்துக் குடுத்துருங்க" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை ராசிபுரம் வழியாக நாமக்கல் போகிறேன். அட்டைக்குப் படம் வரையும் உஷாராணி, தீனதயாளன், நான், மூவர் குழு.

ஒன்பதாம்பட்டிக்கு எழுதப்பட்ட விதிகளே கிடையாது. நான் எழுதிக் கொடுத்தேன். அதில் உன் விதியும் இருக்கிறது: "குடைச்சல் எங்கே குடைந்தாலும் தண்ணீர் வராது." தீனதயாளன், "பாவமுங்க" என்றார். நான் பிடிவாதமாக நின்றேன். என் வாழ்நாளில் நான் பிடிவாதமாக நின்ற கூட்டம் வேறு உண்டா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

விதிக்குப் பொருந்தாத கதைகளுக்கு அனுப்ப ஓர் அஞ்சலட்டையும் தயாரித்தேன். யார் மனமும் நோகக் கூடாது என்று வாசகத்தைப் பலமுறை மாற்றினேன். கடைசியில் இப்படி வந்தது: "உங்கள் கதை அழகானது. ஆனால் இது ஒன்பதாம்பட்டியில் நடக்க வழியில்லை. அன்புடன், கதைக் குழு."

அப்பா


கோயம்புத்தூர்
14 ஆகஸ்ட் 2024

அப்பா,

நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள் என்பதைச் சாட்சி இல்லாமல் நம்ப முடியாது. தீனதயாளனிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.

நன்றி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ட்டினுக்கு ஒரு குடைச்சல் வாங்கி அனுப்பினேன். திருச்செங்கோட்டில் அவனுடைய ரிக் கம்பெனி ஆபீஸ் இருக்கிறது. வடக்கே போகும் லாரியில் சாமான்களோடு கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, தள்ளிப் போய் நின்று பேசினான். "ஏக்கா, நெஜ வண்டிக்கு இருக்கிற ஒயிலு ஒழுக்குகூட இதுல இல்லியே" என்றான். சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது. ஆபரேட்டர் இருக்கைக்கு முன்னால் ஒட்டி வைத்திருக்கிறானாம். பேச்சே ஊர் மாறிவிட்டது அவனுக்கு. திருச்செங்கோட்டு ஆட்களோடேயே கிடந்து "வாரேன், போறேன்" என்கிறான்.

நீங்கள் குழுவில் இருப்பதைச் சொன்னேன்.  "எல்லாத்தையும் அப்பாவே படிப்பாரா?" என்று கேட்டான். படிப்பார் என்றேன்.

என்னென்ன கதைகள் வருகின்றன? எழுதுங்கள்.

ஜாக்குலின்


சேலம்
21 அக்டோபர் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆயுத பூஜைக்குப் பிறகு கதைகள் மூட்டையாக வந்துவிட்டன. வீட்டு வண்டிகளோடு பொம்மை வண்டிகளுக்கும் பொட்டு வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

ஆத்தூரிலிருந்து சௌந்திரம் என்ற அம்மாள், அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர், கிழங்கு டிராக்டருக்கும் முட்டை லாரிக்கும் தகராறு மூட்டியிருக்கிறார். "நீ மேட்டுல ஏறினா ஊரே ஆம்லெட்டு" என்கிறது டிராக்டர். அது அடுத்த அட்டையில் வருகிறது. எழுதியவர் பெயர், கதை தேர்வான பிறகுதான் எங்களுக்குத் தெரியும். முன்னறிமுகத்தால் யாருக்கும் சலுகை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, பெயரும் ஊரும் இல்லாமல் கொடுப்பான். இதுவும் நான் கொண்டுவந்த ஏற்பாடுதான்.

குடைச்சலுக்குத் தண்ணீர் வரவைத்தவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுகிறது.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. பிரதி எடுத்து வைத்தேன்:

"குடைச்சல் எத்தனையோ ஊரில் குடைந்தது. எல்லா ஊரிலும் புழுதிதான். கண்ணாடியில் புழுதி, விளக்கில் புழுதி, பெயர்ப்பலகை தெரியாத அளவு புழுதி. ஒரு நாள் அது ஊர் எல்லைக்கு வந்து எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. தண்ணீர் இல்லை, புழுதியோடு வரலாமா என்று கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லை. விடியற்காலையில் பால்காரி அந்த வழியாக வருவாள். அவளைக் கேட்கலாம் என்று நிற்கிறது."

உஷாராணி இதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதப் போடலாங்கய்யா. தண்ணியே வரலியே, உங்க விதி எங்க உடையுது?" என்றாள். அந்த விதி உடையவில்லை, முதல் அட்டை உடைகிறது, தண்ணீர் காணாமல் திரும்பாது என்று அச்சாகிவிட்டதே என்றேன். "ஊருக்குள்ள வரலியே, எல்லையிலதான நிக்குது" என்றாள். எல்லை ஊரில் சேர்த்தியா இல்லையா என்று தேநீர் ஆறும்வரை பேசினோம். ஒன்பதாம்பட்டி வரைபடத்தை விரித்து, எல்லைக்கல் ஊருக்கு உள்பக்கம்தான் இருக்கிறது என்று காட்டினேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

அஞ்சலட்டை போய்விட்டது. எழுதியவர் யாரோ, நல்ல கை. சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். இருந்தும் உன்னிடம் கேட்கிறேன்.

அப்பா


கோயம்புத்தூர்
26 அக்டோபர் 2024

அப்பா,

அது மார்ட்டின் எழுதியது.

ஜாக்குலின்


சேலம்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

நீ எழுதிய அந்த ஒரு வரி மேசைமேல் இருக்கிறது.  நான்கு முறை உன் எண்ணைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றேன். அவள் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று தெரியும். "ஏங்க, எல்லைக்கல்லு உள்ளயா வெளியயான்னா பாத்தீங்க?"

இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்போதுதான் படித்தேன். தண்ணீர் காணாமல் திரும்பாது. எங்கே குடைந்தாலும் தண்ணீர் வராது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் படித்தால் அது ஒருபோதும் வீட்டுக்கு வர முடியாது. முரண்பாடு தேடித் தேடிக் கண்டுபிடிப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். இதில் முரண்பாடே இல்லை, அதனால்தான் என் கண்ணில் படவில்லை. கதவை இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறேன்.

பெயரை மறைக்கச் சொன்னவனும் நான். அவன் கையெழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பெயர் தெரிந்திருந்தால்தான் மகனை அடையாளம் காண்பேன் என்றால் நான் என்ன அப்பா? புழுதி என்று எழுதியிருந்தது. பால்காரி என்று எழுதியிருந்தது. உங்கள் விளையாட்டில் பால் வண்டி எப்போதும் உன்னுடையதுதானே.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். குழுவில் இருப்பவர் கதை அனுப்பக் கூடாது. இப்போது நான் வெளியாள். ஆகவே நேற்று ஒரு கதை அனுப்பினேன். அதில் ஊர்க்காரர்கள் எல்லைக்குப் போய் குடைச்சலை அழைத்து வருகிறார்கள். யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. அட்டையில் வந்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். அவன் பார்ப்பான்.

அப்பா


கோயம்புத்தூர்
11 நவம்பர் 2024

அப்பா,

உங்களை மட்டும் திட்டுவதற்காகப் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

அவனை எழுதச் சொன்னதே நான்தான். "நேரா பேச வரலன்னா கதையா எழுதுடா, அப்பாதான் படிப்பாரு" என்றேன். பெயரை மறைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வரக் கூடாது என்று அடம் பிடித்ததும் நான்தான். சின்ன வயது விளையாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். முப்பத்தாறு வயதில் அவன் இன்னும் அதே விளையாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான், எனக்கு உறைக்கவில்லை. உங்கள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டை நான் போட்டிருக்கிறேன்.

அஞ்சலட்டை திருச்செங்கோட்டு ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து போட்டோவாக அவனுக்குப் போயிருக்கிறது. எனக்கு அனுப்பினான். அடியில், "நடக்க வழியில்லையாம்க்கா. அப்பா சொல்லிட்டாரு" என்று எழுதியிருந்தான். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று எவ்வளவோ சொன்னேன். "தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு, உடுக்கா" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பா, இன்னுமா அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அது அச்சாகி, பெட்டியில் ஏறி, கடைக்கு வந்து, அவன் கைக்குப் போய், அதற்குள் அடுத்த ஊருக்கு ரிக் போயிருக்கும். அவனுக்கு எழுதுங்கள். கதையாக வேண்டாம். குடைச்சல் என்ற பெயரே வரக் கூடாது. மார்ட்டின் என்று எழுதுங்கள்.

ஜாக்குலின்


சேலம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

நாமக்கல்லிலிருந்து பதில் வந்தது. அச்சிட்ட அஞ்சலட்டை. "உங்கள் கதை அழகானது. ஆனால் இது ஒன்பதாம்பட்டியில் நடக்க வழியில்லை." நான் மாற்றி மாற்றி எழுதிய வாசகம். என் இடத்தில் நர்மதா என்ற பள்ளி ஆசிரியை வந்திருக்கிறார். என் விதிகளை வைத்து, பெயர் பார்க்காமல், மிகச் சரியாகத் தள்ளியிருக்கிறார். யார் மனமும் நோகாது என்று நினைத்து எழுதிய வரி, ஜாக்குலின். கையில் வாங்கிப் படித்தால்தான் தெரிகிறது, அது எப்படி இருக்கிறது என்று. அவன் இதை ரிக் பக்கத்தில் நின்று படித்திருக்கிறான்.

தீனதயாளன் பதறிப் போய்க் கூப்பிட்டார். "ஐயா, உங்களுதுன்னு தெரியாமப் போச்சுங்க. மாத்திப் போட்டுரலாங்க, பெரிய விசயமே இல்லீங்க" என்றார். வேண்டாம் என்றேன். என் மகனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் கிடையாது. குடைச்சல் அங்கேயே நிற்கட்டும். யாராவது ஒரு குழந்தை நம்மைவிட நல்ல வழி கண்டுபிடிக்கும்.

பிறகு மார்ட்டினுக்கு எழுதினேன். முதலில் பெரிதாக வந்தது. காரணங்கள் இருந்தன. நான் வளர்ந்த விதம், என் தந்தை, அவன் படிப்பை நிறுத்தியது. படித்துப் பார்த்தபோது அதுவும் ஒரு விதிப் புத்தகம் போலவே இருந்தது. கிழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன். தபாலில் போட்டால் ஆபீஸில் கிடக்கும் என்று தோன்றியதால் வெள்ளிக்கிழமை நானே திருச்செங்கோடு போனேன்.

ஆபீஸில் பெரியசாமி என்பவர் இருந்தார். போர்வெல் வண்டிகள் எந்தெந்த மாநிலத்தில் நிற்கின்றன என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருந்தார். மார்ட்டினின் அப்பா என்றேன். எழுந்து நின்றுவிட்டார். "வாங்க சாமி, உக்காருங்க. ஏனுங்க, போன் போட்டுக் குடுக்கட்டுங்களா?" என்றார். வேண்டாம், இந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று நீட்டினேன். அனுப்பினார். ஒரு நிமிடத்தில் அங்கிருந்து போன் வந்தது. சிக்னல் சரியில்லை, படம் திறக்கவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி மார்ட்டின் கேட்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

பெரியசாமி என்னைப் பார்த்தார். ஆபீஸில் நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், ஓர் அடி எடுத்தும் வைத்தேன். பிறகு உட்கார்ந்தேன். படியுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுத்துக்கூட்டுவது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். "மார்ட்டின். அன்றைக்கு நான் சொன்னது தவறு. எதையும் முடிக்க வேண்டாம். வீட்டுக்கு வா. அப்பா."

 போனில் கம்ப்ரசர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில்தான் அவன் மூன்று வருடமாக இருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. யாரோ எஞ்சினை அணைத்திருக்க வேண்டும்.

"அண்ணா, அப்பா அங்க இருக்காரா?"

"இருக்காருய்யா. எதுக்கால உக்காந்திருக்காரு."

"அப்படியே வரலாமான்னு கேளுங்கண்ணா. துணிமணியெல்லாம் ஒரே புழுதி. வேலையும் பாதியில நிக்குது."

பெரியசாமி என் பக்கம் திரும்பி அதைத் திரும்பச் சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருக்கவில்லை. "அப்படியே வாடா" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வேறொரு ஆபரேட்டர் போய் மாற்றியதும் கிளம்புகிறான். இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் ரயில் சேலம் வருகிறது. நான் ஜங்ஷனுக்குப் போகிறேன். என்னைப் பார்த்ததும் அவன் தயங்குவான், அவனைப் பார்த்ததும் நான் தயங்குவேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம்.

விடியற்காலையில் அந்த வழியாக நீ வர முடியுமா?

அப்பா